திரை ஒன்றுதான், கணினி மூன்று: எலக்ட்ரான் ஆப் ஒன்றில் பிழை தேடிய அனுபவம்

"ஃபைல் இருக்கு, ஆனா திறந்தா உள்ள ஒண்ணுமே இல்லை." ஒரு பயனரிடமிருந்து வந்த இந்த ஒரு வரிக்குப் பின்னால் எனக்கு மூன்று நாள் போனது. அந்த மூன்று நாளில் கற்றதையும், அதற்குப் பிறகு இரண்டு வருடமாக விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே ஆப்பை ஓடவைக்கப் பட்ட பாட்டில் கற்றதையும் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்குச் சில இரவுகளாவது மிச்சமாகும்.

ஆப் சின்னதுதான். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குபவர்களுக்காகச் செய்தது. இடப்பக்கம் ஒலி அலைவடிவம், வலப்பக்கம் எழுதும் இடம். கேட்டுக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் நிறுத்திக் குறிப்பு எழுதினால், அந்த நிமிடத்தையே பெயராக வைத்து ஒரு கோப்பு சேமிக்கப்படும். இணையப் பக்கம் எழுதும் மொழிகளிலேயே கணினி ஆப் எழுத உதவும் எலக்ட்ரானில் எழுதினேன். எலக்ட்ரான் 2013-இல் ஆட்டம் எடிட்டருக்காக ஆட்டம் ஷெல் என்ற பெயரில் தொடங்கி, 2015-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. குரோமியம் என்ற உலாவியையும், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸையும் சேர்த்தே ஆப்புக்குள் கட்டிக் கொடுத்துவிடும் என்பதால் மூன்று இயங்குதளத்திலும் திரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும். அதனாலேயே உள்ளே நடப்பதும் ஒரே மாதிரிதான் என்று நம்பிவிட்டேன். எனக்கு வந்த பிழைகளில் பெரும்பாலானவை அந்த நம்பிக்கையில் முளைத்தவை. திரைக்குள் வந்த பிழைகள் குறைவு. கோப்பின் பெயர், ஆப்பை யார் எப்படித் தொடங்கினார்கள், சாளரத்தை யார் நிர்வகிக்கிறார்கள் என்று ஆப்பும் இயங்குதளமும் தொட்டுக்கொள்ளும் இடங்களில்தான் எல்லாம் வெடித்தது.

அந்த வெற்றுக் கோப்புக்கு வருகிறேன். நான் நிரல் எழுதுவது மேக்கில். பத்து நிமிடம் முப்பது விநாடியில் எழுதிய குறிப்புக்கு "குறிப்பு 10:30" என்று பெயர் வைத்து, டிஎக்ஸ்டி பின்னொட்டு சேர்த்தேன். மேக்கில் அது ஒழுங்காகச் சேமித்தது. மேக்கின் கோப்பு உலாவியான ஃபைண்டரில் மட்டும் நடுவில் இருந்த முக்காற்புள்ளி சாய்கோடாகத் தெரிந்தது, அதை அப்போது கண்டுகொள்ளவில்லை. விண்டோஸிலும் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. குறிப்பு சேமித்தது, ஆப்பை மூடித் திறந்தாலும் குறிப்பு அப்படியே இருந்தது. பயனர் அந்த ஃபோல்டரை பென் டிரைவில் நகலெடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தபோதுதான் உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரே கோப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தரவோடைகள் இருக்கலாம். கோப்பின் பெயரையும் ஓடையின் பெயரையும் பிரிக்கும் குறிதான் முக்காற்புள்ளி. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு என்று விண்டோஸ் அடையாளம் வைத்துக்கொள்வதுகூட இப்படி ஒரு ஓடையில்தான். ஆக நான் கொடுத்த பெயரை அது "குறிப்பு 10" என்ற கோப்பு, அதற்குள் "30.டிஎக்ஸ்டி" என்ற ஓடை என்று புரிந்துகொண்டது. எழுதியதெல்லாம் அந்த ஓடைக்குள் போய் உட்கார்ந்தது, முதன்மைக் கோப்பு 0 பைட். என் ஆப் குறிப்புகளின் பெயர்களைத் தனியாக ஒரு பட்டியலில் வைத்திருந்ததால், அதே முழுப் பெயரைச் சொல்லித் திறக்கும்போது விண்டோஸ் ஓடையைத் திறந்து கொடுத்தது. ஆப்புக்குள் இருந்து பார்த்தவரை எல்லாம் சரியாக இருந்ததற்கு அதுதான் காரணம். பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் இருந்தது, அதில் ஓடைகளுக்கு இடமே கிடையாது. நகலெடுக்கும்போது கோப்பின் சில பண்புகள் போகாது என்று விண்டோஸ் ஓர் எச்சரிக்கையும் காட்டியிருக்கிறது. பண்புகள்தானே என்று யாராக இருந்தாலும் ஆம் என்றுதான் கொடுப்பார்கள், பயனர்மேல் ஒரு தவறும் இல்லை.

அவர் வெட்டி ஒட்டாமல் நகலெடுத்திருந்தார் என்பதால் மூலம் தப்பியது. கட்டளைச் சாளரத்தில் டிர் கட்டளையை /ஆர் சேர்த்துக் கொடுத்தால் ஓடைகள் பட்டியலில் வரும். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளைப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, சரியான பெயரில் மறுபடி எழுதும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை அனுப்பி எல்லாவற்றையும் மீட்டோம். ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது அது. பிழைச் செய்தி இல்லாமல் தரவு காணாமல் போவதைவிட மோசமான பிழை எதுவும் இல்லை என்று அன்றிலிருந்து நினைக்கிறேன், சேமிக்கும் பகுதியில் கைவைக்கும்போதெல்லாம் அந்த ஃபோல்டர்தான் கண்முன் வருகிறது.

இப்போது கோப்புப் பெயர் எங்கிருந்து வந்தாலும் ஒரே ஒரு சார்பின் வழியாகத்தான் வட்டுக்குப் போகும். விண்டோஸ் ஏற்காத குறிகள், அதாவது < > : " / \ | ? * ஆகிய ஒன்பதையும் அது மாற்றிவிடும். பெயரின் கடைசியில் இருக்கும் புள்ளியையும் இடைவெளியையும் நீக்கும். விண்டோஸ் சாதனங்களுக்கென்று ஒதுக்கி வைத்த பெயர்களையும் பார்க்கும். கான், பிஆர்என், ஆக்ஸ், நல், காம்1 முதல் காம்9 வரை, எல்பிடி1 முதல் எல்பிடி9 வரை உள்ள பெயர்களை ஆங்கில எழுத்தில் வைக்க முடியாது. யார் போய் கோப்புக்கு ஆக்ஸ் என்று பெயர் வைப்பார்கள் என்று தோன்றலாம். ஒலிப்பதிவு செய்பவர்கள் வைப்பார்கள், ஆக்ஸ் உள்ளீட்டில் இருந்து எடுத்த பதிவுக்கு அதுதான் இயல்பான பெயர். இன்னொரு விஷயம், இந்தச் சுத்திகரிப்பை விண்டோஸில் மட்டும் செய்தால் போதாது. லினக்ஸில் உருவான கோப்பு நாளை விண்டோஸுக்குப் போகும், எனவே மூன்று இடத்திலும் ஒரே விதி.

பெயரோடு தொடர்புள்ள அடுத்த பிழை தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வந்தது. தேடல் பெட்டியில் "கோப்பு" என்று தட்டினால், கண்ணெதிரே பட்டியலில் இருக்கும் "கோப்பு" கிடைக்கவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒன்றேபோல் இருந்தது. இரண்டின் நீளத்தையும் கேட்டுப் பார்த்தேன், தட்டியதற்கு 6, வட்டிலிருந்து வந்ததற்கு 7. விஷயம் ஓகாரக் குறியில் இருந்தது. யூனிகோடில் ஓகாரக் குறிக்குத் தனி எண் உண்டு. அதையே இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதைதான். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பெயரைப் பிரித்த வடிவத்தில்தான் வைத்துக்கொள்ளும். 2017-இல் மேக்கின் ஹை சியரா பதிப்போடு வந்த ஏபிஎஃப்எஸ் முறைமை, கொடுத்த வடிவத்தை அப்படியே காப்பாற்றும், இரண்டு வடிவத்தையும் ஒன்றாகவே பாவிக்கும். லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் இரண்டும் வேறு வேறு பெயர், ஒரே ஃபோல்டரில் இரண்டு "கோப்பு" அருகருகே இருக்க முடியும். இந்தப் பயனரின் பதிவுகள் ஒரு பழைய மேக் வெளிவட்டிலிருந்து வந்தவை, அவர் தட்டிய விசைப்பலகை சேர்ந்த வடிவத்தைக் கொடுத்தது.

நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பில் என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடலாம் என்று தெரிந்ததும் எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டு மகிழ்ச்சியாக இருந்தேன், மறுநாள் லினக்ஸ் பயனர் ஒருவருக்குக் கோப்புகள் திறக்கவில்லை. வட்டில் இருப்பது பிரிந்த பெயர், நான் கேட்பது சேர்ந்த பெயர், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று லினக்ஸ் சரியாகவே சொன்னது. அப்புறம்தான் இரண்டையும் தனியாக வைத்தேன். தேடுவதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் என்எஃப்சிக்கு மாற்றிய வடிவம், திறப்பதற்கு இயங்குதளம் கொடுத்த பெயர் ஒரு புள்ளிகூட மாறாமல். தமிழில் ஆப் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு புலங்களையும் முதல் நாளே வைத்துவிடுவது நல்லது, பின்னால் போய் நுழைப்பது வேதனை.

பெரிய எழுத்து, சிறிய எழுத்துப் பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மேக்கும் விண்டோஸும் வழக்கமான அமைப்பில் பிளேயர் என்பதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சிறிய எழுத்தில் தொடங்கினாலும் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுத்துக்கொள்ளாது. நிரலில் ஒரு மாதிரியும் வட்டில் வேறு மாதிரியும் இருந்ததால் லினக்ஸுக்குத் தயாரித்த ஆப்பில் மட்டும் வெள்ளைத் திரை. கோப்பின் பெயரை மாற்றினாலும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் அதை ஒரு மாற்றமாகவே பார்க்காது, ஏனென்றால் மேக்கில் களஞ்சியம் உருவாகும்போதே எழுத்து அளவைப் பொருட்படுத்தாதே என்ற அமைப்பு வந்துவிடும். கிட் வழியாகவே வேறு ஒரு பெயருக்கு மாற்றி, திரும்ப சரியான பெயருக்கு மாற்றினால் போதும். வரிமுடிவுக் குறிகளும் இதே குடும்பம்தான். விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஒட்டிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி, லினக்ஸில் "அப்படி ஒரு நிரல் இல்லை" என்று சொல்லவைக்கும். கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

டெர்மினலில், அதாவது கட்டளைச் சாளரத்தில், ஓடுகிறது, ஐகானை இருமுறை சொடுக்கினால் ஓடவில்லை. இந்த வகைப் பிழையை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் தேடிய இடமே தவறாக இருந்தது.

அலைவடிவம் வரைவதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, ஒளிக்கோப்புகளைக் கையாளும் நிரலைத் துணைக்கு அழைக்கிறேன். என் கணினியில் அது, நிரல்களை நிறுவித்தரும் ஹோம்ப்ரூ வழியாக நிறுவியது. நிரல் எழுதும்போதெல்லாம் டெர்மினலில் இருந்துதான் ஆப்பைத் தொடங்குவேன், ஒரு நாளும் பிரச்சினை வந்ததில்லை. பேக்கேஜ் செய்து அனுப்பிய ஆப்பை மேக் பயனர்கள் திறந்தால் அலைவடிவம் மட்டும் வரவில்லை, எஃப்எஃப்எம்பெக் நிறுவியிருந்தவர்களுக்கும் வரவில்லை. எனக்கு வந்த பிழைக் குறி ஈநோஎன்ட், அதாவது அப்படி ஒன்று இல்லை. ஒலிக்கோப்பைத்தான் காணவில்லை போலிருக்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கோப்புப் பாதைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். காணாமல் போனது நிரல். டெர்மினல் தன் தொடக்க அமைப்புக் கோப்பைப் படித்து, நிரல்களைத் தேடும் பாதைப் பட்டியலில் ஹோம்ப்ரூவின் இடத்தையும் சேர்த்துக்கொள்கிறது. ஃபைண்டரிலிருந்தோ டாக்கிலிருந்தோ தொடங்கும் ஆப்புக்கு அந்தக் கோப்பெல்லாம் தெரியாது, இயங்குதளத்தின் அடிப்படையான நான்கு ஃபோல்டர்களைத்தான் பார்க்கும். ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் ஹோம்ப்ரூ இருப்பது ஆப்ட் ஃபோல்டருக்குள், பழைய இன்டெல் மேக்குகளில் யூஎஸ்ஆர்/லோக்கல் ஃபோல்டருக்குள், இரண்டுமே அந்த நான்கில் சேராது.

தற்போதைய ஃபோல்டர் எது என்பதும் அப்படித்தான். டெர்மினலில் தொடங்கினால் நீங்கள் நிற்கும் ஃபோல்டர், ஃபைண்டரில் தொடங்கினால் வட்டின் வேர், விண்டோஸில் குறுக்குவழி என்ன சொல்கிறதோ அது. சார்புப் பாதையில் ஒரு கோப்பைத் திறந்தாலே அது பிழைக்குப் போட்ட விதை. அமைப்புகளை எங்கே சேமிப்பது என்று நானே பாதை எழுதுவதை விட்டுவிட்டு ஆப்.கெட்பாத் சொல்வதை மட்டும் நம்புகிறேன். அது விண்டோஸில் ஆப்டேட்டா, மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், லினக்ஸில் டாட் கான்ஃபிக் என்று அந்தந்த இடத்தின் வழக்கப்படி கொடுக்கும்.

சரி, எஃப்எஃப்எம்பெக்கை ஆப்போடு சேர்த்தே அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன் (உரிம விதிகளை முழுதாகப் படித்துவிட்டுத்தான், நீங்களும் படியுங்கள்). அங்கேயும் ஒரு திருப்பம். பேக்கேஜ் செய்யும்போது ஆப்பின் கோப்புகள் எல்லாம் அசார் என்ற ஒரே காப்பகத்துக்குள் போய்விடும். அதற்குள் இருக்கும் கோப்புகளைப் படிக்க எலக்ட்ரான் வழி செய்து கொடுக்கிறது, ஆனால் நோட்.ஜேஎஸ்ஸின் ஸ்பான் சார்பால் அதற்குள் இருக்கும் நிரலை ஓடவைக்க முடியாது, இயங்குதளத்தின் கண்ணுக்கு அது ஒரே ஒரு கோப்புதான். நிரலைக் காப்பகத்துக்கு வெளியே வைக்கும்படி பில்ட் அமைப்பில் சொல்ல வேண்டும், அழைக்கும் பாதையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அதையும் செய்தபிறகு மேக்கில் ஓட்ட அனுமதி இல்லை என்று வந்தது. அந்த ஒரு முறை விண்டோஸ் கணினியில் ஜிப் செய்திருந்தேன், ஓட்டும் அனுமதிக்கான குறி அந்த ஜிப்பில் போகவே இல்லை. மேக் ஆப்பை மேக்கிலேயே பேக்கேஜ் செய்யுங்கள், அதற்குள் இருக்கும் இணைப்புக் கோப்புகளும் ஒழுங்காக வரும்.

விண்டோஸ் பக்கத்திலும் ஒன்று உண்டு. விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய பேட்ச் கோப்பு ஒன்றை ஸ்பான் வழியாக அழைத்துக்கொண்டிருந்தேன், எலக்ட்ரான் பதிப்பை உயர்த்தியதும் ஐன்வால் என்ற பிழையோடு நின்றுவிட்டது. 2024 ஏப்ரலில் வந்த நோட்.ஜேஎஸ் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பேட்ச் கோப்புகளை ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) இல்லாமல் நேரடியாக அழைக்க முடியாது. ஷெல்லை அனுமதித்துவிட்டால் ஓடும், ஆனால் பயனர் கொடுக்கும் கோப்புப் பெயர் ஒரு கட்டளையாக மாறிவிடும் ஆபத்தும் கூடவே வரும். திருத்தம் வந்ததே அந்த மாதிரி ஓட்டையை அடைக்கத்தான். பேட்ச் கோப்பையே தூக்கிவிட்டு அந்த வேலையை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன்.

இதற்கெல்லாம் பிறகு இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒன்று, பேக்கேஜ் செய்யாத ஆப்பில் சோதித்ததைச் சோதித்ததாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை. நிறுவி, ஐகானைச் சொடுக்கித் திறந்து பார்த்தால்தான் கணக்கு. இரண்டாவது, ஆப் தொடங்கியதும் லாக் கோப்பின் முதல் சில வரிகளில் தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுதிவிடும். இயங்குதளம், அதன் பதிப்பு, செயலியின் வகை, பேக்கேஜ் செய்யப்பட்டதா, தற்போதைய ஃபோல்டர் எது, நிரல் தேடும் பாதைகள் எவை, மொழி அமைப்பு என்ன, எத்தனை திரைகள், ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் பெரிதாக்கப்பட்டிருக்கிறது, லினக்ஸ் என்றால் சாளரங்களைத் திரையில் காட்டுவது எக்ஸ்11-ஆ வேலண்டா, எந்த டெஸ்க்டாப். உதவி மெனுவில் இந்த விவரத்தை நகலெடுக்க ஒரு பொத்தானும் உண்டு. பாதைகளில் பயனரின் பெயர் வந்துவிடும், அதை மறைத்துவிட்டுத்தான் நகலெடுக்கவிட வேண்டும், நம்மை நம்பி அனுப்புகிறார்கள். முன்பு ஒரு பிழைக்குப் பத்துப் பன்னிரண்டு செய்திகள் போய்வரும், இப்போது பெரும்பாலும் முதல் ஒட்டலிலேயே விடை தெரிந்துவிடுகிறது.

லினக்ஸ் பயனர் ஒருவர் எழுதினார்: "மூடும் பொத்தானை அழுத்தினேன், ஆப் மறைஞ்சுபோச்சு. திரும்பத் திறந்தா வரமாட்டேங்குது, ஆனா பாட்டு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு." சாளரத்தை மூடினால் ஆப் ட்ரேயில் (திரையோரம் சின்ன ஐகான்கள் இருக்கும் இடம்) போய் உட்காரும்படி எழுதியிருந்தேன், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓட வேண்டும் என்ற பூட்டும் போட்டிருந்தேன். க்னோம் டெஸ்க்டாப் 2017-இல் வந்த 3.26 பதிப்போடு பழைய ட்ரேயை எடுத்துவிட்டது. உபுண்டு அதற்கான நீட்டிப்பைத் தானே சேர்த்துக் கொடுப்பதால் நான் சோதித்த கணினியில் ஐகான் தெரிந்தது. நீட்டிப்பு இல்லாத க்னோமில் ஐகான் எங்கேயும் தெரியாது, சாளரமும் இல்லை, இரண்டாவது முறை திறந்தால் பூட்டு தடுத்துவிடும். பாவம், அவர் கணினியையே மறுதொடக்கம் செய்திருக்கிறார். இப்போது லினக்ஸில் ட்ரேக்குப் போவது பயனர் தானே தேர்ந்தெடுத்தால் மட்டும், இரண்டாவது முறை திறக்க முயன்றால் எந்த இயங்குதளமாக இருந்தாலும் மறைந்திருக்கும் சாளரம் முன்னால் வந்து நிற்கும். ட்ரேயை நம்பி எதையும் ஒளித்து வைக்காதீர்கள்.

வேலண்டில் ஆப் நேரடியாக ஓடும்போது சாளரம் எங்கே இருக்க வேண்டும் என்று ஆப் சொல்ல முடியாது, அது வேலண்டின் வடிவமைப்பிலேயே உள்ள முடிவு. கடைசியாக இருந்த இடத்தில் சாளரத்தைத் திறக்கும் வசதியை அங்கே கைவிட்டேன், அளவை மட்டும் நினைவில் வைக்கிறேன். உபுண்டு 24.04-இல் சாண்ட்பாக்ஸ் (ஆப்பைத் தனியே அடைத்து ஓட்டும் பாதுகாப்பு) பிழை காட்டி ஆப் திறக்காமல் போவதும் நடக்கும், அதற்குத் தேவையான, பயனர்களுக்கான நேம்ஸ்பேஸ் என்ற வசதியைப் பாதுகாப்புக்காக அங்கே கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். சாண்ட்பாக்ஸையே அணைத்துவிடு என்று பலர் வழி சொல்வார்கள். வெளியே இருந்து வரும் கோப்புகளைத் திறக்கும் ஆப்பில் நான் அதைச் செய்ய மாட்டேன், உபுண்டுவின் நிறுவல் வடிவமான டெப் பொதியாகக் கொடுத்து நிறுவும்போதே தேவையான அனுமதியை முறையாக அமைப்பதுதான் சரி.

விண்டோஸில் ஒரு கோப்பு திறந்திருக்கும்போது அதை நீக்கவோ பெயர் மாற்றவோ போனால் பெரும்பாலும் தடுத்துவிடும், மேக்கிலும் லினக்ஸிலும் தடையில்லை. தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்துப் பெயரை மாற்றுவது பாதுகாப்பான சேமிப்பு முறைதான். ஆனால் அந்த நொடியில் வைரஸ் தடுப்பு நிரல் அதே கோப்பைப் படித்துக்கொண்டிருந்தால் அனுமதி இல்லை என்று வரும். அனுமதி அமைப்புகளைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம், சில நூறு மில்லிவிநாடி விட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் நடந்துவிடும். மூன்று நான்கு முறை முயன்றும் நடக்காவிட்டால் பயனரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், தற்காலிகக் கோப்பை மட்டும் நீக்கிவிடாதீர்கள், அவர் எழுதியது அதில்தான் இருக்கிறது.

மேக்கில் நகலெடு, ஒட்டு விசைகள் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் முதலில் மெனுவைப் பாருங்கள். சொந்தமாக மெனு எழுதும்போது திருத்து மெனுவை விட்டுவிட்டால் கமாண்ட் சி, கமாண்ட் வி இரண்டும் போய்விடும், ஏனென்றால் அங்கே அந்த விசைகள் மெனு வழியாகத்தான் வருகின்றன. விண்டோஸில் மெனு இல்லாமலே வேலை செய்யும் என்பதால் கவனத்துக்கு வராது. குறுக்குவிசைகளில் இன்னொன்றும் கண்டேன். கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் சேமி என்று எழுதும்போது, வந்த எழுத்து ஆங்கில எஸ்தானா என்று பார்த்திருந்தேன். தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருந்த ஒரு லினக்ஸ் கணினியில் அந்த விசை இகரம், ஆக சேமிப்பு நடக்கவே இல்லை. எழுத்தைப் பார்க்காமல் விசையின் இடத்தைச் சொல்லும் கோட் பண்பைப் பார்க்கும்படி மாற்றினேன். எழுத்துருவும் அப்படித்தான். விண்டோஸ் நிர்மலா யூஐ-யைக் கொடுக்கும், மேக் தமிழ் சங்கம் எம்என்-ஐக் கொடுக்கும், லினக்ஸில் நோட்டோவோ லோகித்தோ இருக்கலாம், உயரங்கள் வேறு. ஒரு கணினியில் அழகாக இருந்த பொத்தானில் இன்னொரு கணினியில் "நீக்கு" என்பதன் உகரக் கீற்று கீழே வெட்டுப்பட்டிருந்தது. நோட்டோ சான்ஸ் தமிழைத் தடையற்ற உரிமத்தில் ஆப்போடு அனுப்பலாம், அதைச் சேர்த்து வரி உயரத்தைத் தாராளமாக வைத்துவிட்டேன்.

மேக்கில் ஆப்புக்கு இடும் டிஜிட்டல் கையொப்பத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, ஆப் ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் ஆப்பை ஆப்பிளிடம் நோட்டரைஸ் செய்யாவிட்டால், அதாவது ஆப்பிளின் சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்காவிட்டால், திறக்கும்போதே தடுக்கும். வலச்சொடுக்கில் திற என்று கொடுத்துத் தாண்டும் வழியையும் 2024-இல் செக்கோயாவில் எடுத்துவிட்டார்கள். ஆப் சேதமடைந்துள்ளது என்று செய்தி வந்தால் இறக்கம் கெட்டுவிட்டது என்று உடனே நினைக்காமல் கையொப்பத்தையும் பாருங்கள். ஆப்போடு சேர்த்து அனுப்பும் எஃப்எஃப்எம்பெக் போன்ற ஒவ்வொரு நிரலுக்கும் கையொப்பம் வேண்டும், நான் முதல் முறை விட்டது அதைத்தான்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் மூன்று கணினியிலும் ஒரே ஒரு சோதனை ஃபோல்டரைத் திறக்கிறேன். அதன் பெயரில் இடைவெளி உண்டு, தமிழ் உண்டு. உள்ளே இரண்டு வடிவத்திலும் எழுதிய "கோப்பு", பெயருக்கு நடுவே சதவீதக் குறி, 0 பைட் ஒலிக்கோப்பு, படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பு எல்லாம் உண்டு. புதிய பிழை வந்தால் அதைக் காட்டும் கோப்பு ஒன்று அதில் சேரும்.

கடைசியாகச் சேர்ந்தது நீளமான பெயர். ஒரு பயனர் நேர்காணலின் முழுத் தலைப்பையும் கோப்புப் பெயராக வைத்திருந்தார், நூறு குறிகளுக்கு மேல். விண்டோஸில் சேமித்தது, லினக்ஸில் பெயர் மிக நீளம் என்று மறுத்தது. விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை விடும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையிலும் எல்லை 255தான், ஆனால் அது பைட் கணக்கு, யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். "கோப்பு" என்பதற்கே 18 பைட் போய்விடும், ஆகத் தமிழில் 85 குறிகளுக்கு மேல் இடமில்லை. பைட்டை எண்ணி வெட்டினேன், அதில் பிரிந்த வடிவத்தில் இருந்த "கொ" நடுவே வெட்டுப்பட்டு "கெ" ஆகிவிட்டது. இப்போது பெயரை முதலில் என்எஃப்சிக்கு மாற்றி, பின்னொட்டுக்கு இடம் ஒதுக்கி, ஜாவாஸ்கிரிப்டின் இன்டல்.செக்மென்ட்டர் பிரித்துக் கொடுக்கும் முழு எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்து, பைட் எல்லையைத் தாண்டும் முன் நிறுத்துகிறேன். முழுத் தலைப்பு குறிப்பின் முதல் வரியில் பத்திரமாக இருக்கும். இந்தத் திருத்தம் அடுத்த வெளியீட்டில் போகிறது, அவருடைய பழைய கோப்புகளின் பெயரை மட்டும் நான் தொடப்போவதில்லை.